கண்ணுக்குத் தெரியாத முதுமை: மோட்டார் சைக்கிளின் முன்பிரேக் குழாய்க்கு ஒரு வரலாறு

வலியசாலை என்ற பெயரைக் கேட்டதும் தென்னிந்திய வரலாறு படிப்போர்க்கு நினைவில் எழுவது காந்தளூர்ச்சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி அவனது வெற்றிகளுள் முதலாவதாகக் குறிப்பிடும் அந்தச் சாலை, திருவனந்தபுரத்தின் வலியசாலையில் இன்றுள்ள காந்தளூர் மகாதேவர் கோயிலை ஒட்டி இருந்தது என்பது ஒரு சாராரின் கருத்து; வேறிடம் சுட்டுவோரும் உண்டு. இடம் எதுவாயினும், அங்கே சாலை என்ற சொல்லுக்கு வழி என்பது பொருளன்று. உணவும் உறைவிடமும் தந்து மாணவரைப் பயிற்றிய ஒரு நிறுவனத்தை அச்சொல் குறித்தது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் பொ.ஆ. 866இல் வெளியிட்ட பார்த்திவசேகரபுரச் செப்பேடு, காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு ஒரு சாலை நிறுவியதைக் கூறுகிறது. அதே சொல் இன்று வண்டி ஓடும் வழியைக் குறிக்கிறது. அந்தச் சொல்லின் வரலாற்றை எழுதியவர்கள் பலர். அந்த வழியில் ஓடும் வண்டியின் உறுப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை.

வலியசாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் புறப்படுவோர்க்கு இரண்டு திசைகள் பழக்கமானவை. ஒன்று தெற்கே, 1853இல் கட்டப்பட்ட கரமனைப் பாலத்தைக் கடந்து, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்வது. மற்றொன்று வடகிழக்கே, நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடி ஏறுவது. பொன்முடிப் பாதையில் 22 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது அவை எஞ்சினைச் சோதிக்கின்றன. இறங்கும்போது பிரேக்கைச் சோதிக்கின்றன. வண்டி இறக்கத்தில் வேகம் குறைக்கும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையின் பெரும்பகுதி முன்சக்கரத்தின் மேல் விழுகிறது. ஓட்டுநரின் வலக்கை விரல்களுக்கும் அந்தச் சக்கரத்துக்கும் இடையே இருப்பது விரல் பருமனுக்கும் குறைந்த ஒரு குழாய். அதனுள் சிறிதளவு திரவம்.

அந்தக் குழாயைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பட்டறையில் எல்லோரும் அறிந்த செய்தி. நடைமுறையில் பெரும்பாலானோர் செய்யாத வேலை. இதை ஓட்டுநரின் சோம்பல் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் இந்தப் புறக்கணிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கம்பியால் இயங்கிய பிரேக் தன் தேய்மானத்தைக் கண்ணுக்குக் காட்டியது. திரவத்தால் இயங்கும் பிரேக் தன் முதுமையை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது பாதுகாப்பு கூடியது. அதே நேரத்தில், பழுதைக் கண்டறியும் அறிவு ஓட்டுநரின் கையிலிருந்து நழுவி, எவர் கையிலும் முழுமையாகச் சேராமல் நின்றுவிட்டது.

1. கம்பியின் காலம்

1896இல் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் காப்புரிமை பெற்ற கேபிள், எளிமையும் நுட்பமும் ஒன்றுசேர்ந்த கண்டுபிடிப்பு. வளையக்கூடிய ஓர் உறைக்குள் முறுக்கிய எஃகுக் கம்பி. உறையின் இரு முனைகளும் அசையாமல் நிற்க, உள்ளிருக்கும் கம்பி மட்டும் இழுபடுகிறது. முதலில் மிதிவண்டியின் பிரேக்குக்கு வந்த இந்த அமைப்பு, விரைவிலேயே மோட்டார் சைக்கிளின் கிளட்ச், ஆக்சிலேட்டர், பிரேக் மூன்றையும் தனதாக்கிக்கொண்டது.

கேபிளின் குணம் என்னவென்றால், அது சாகும் முன் சொல்லிவிட்டுச் சாகும். லீவரின் முனையில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்போல் நீட்டிக்கொள்ளும். கம்பி நீண்டுபோனால் லீவர் தொய்யும். திருகைச் சற்றுச் சுழற்றினால் மீண்டும் இறுகும். மழைநீர் புகுந்து துருப்பிடித்தால் இழுக்கும்போது கை கனக்கும். இவை யாவும் கருவி எதுவும் இன்றி, கண்ணாலும் விரலாலும் அறியத்தக்க அறிகுறிகள்.

இந்தியச் சாலைகளில் புல்லட் ஓட்டிய தலைமுறையினர், தொலைதூரம் செல்லும்போது மாற்றுக் கிளட்ச் கேபிளையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் பழைய கேபிளின் கூடவே பொருத்திக் கட்டி எடுத்துச் சென்றது பலரும் அறிந்த வழக்கம். அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும். வழியோரத்தில் ஒரு ஸ்பேனரும் கால்மணி நேரமும் இருந்தால் பயணம் தொடரும். இயந்திரத்தின் பழுதும் அதைத் தீர்க்கும் வழியும் ஒரே ஆளின் கையில் இருந்த காலம் அது.

அதன் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. கம்பியால் இழுபடும் டிரம் பிரேக் வேகம் கூடிய வண்டிக்குப் போதாது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்தால் பிடி தளரும். முன்பிரேக்கை நம்பாமல் பின்பிரேக்கையே மிதிக்கும் பழக்கம் நம் நாட்டில் பரவியதற்குப் பலவீனமான முன் டிரம்மும் சரளைக்கல் சாலையும் பெரிய காரணங்கள். வண்டிகள் மாறிய பின்னும் அந்தப் பழக்கம் பலரிடம் மாறாமல் நிற்கிறது.

2. தோல், ரப்பர், ஆமணக்கு

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கலின் விதி. அவர் மறைந்த பின் 1663இல் அந்த நூல் அச்சேறியது. ஜோசப் பிராமா 1795இல் அதைக் கொண்டு நீரழுத்தப் பொறி செய்தார். ஆனால் ஓடும் வண்டியின் பிரேக்குக்கு அந்த விதி வந்து சேர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. விதி தெரியாததால் வந்த தாமதம் அன்று அது. கசியாத அடைப்பானும், அசையும் சக்கரத்தோடு வளையக்கூடிய குழாயும் கிடைக்காததே காரணம்.

அமெரிக்காவில் மால்கம் லாக்கீட் 1917இல் திரவ பிரேக்குக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1921இல் டூசன்பெர்க் நிறுவனத்தின் காரில் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் வந்தது. தொடக்கத்தில் அடைப்பான்கள் பதப்படுத்தாத தோலால் ஆனவை, அவை கசிந்தன. 1924இல் வெளிவந்த கிரைஸ்லர் காருக்காக அதன் பொறியாளர்கள் தோலை நீக்கி ரப்பர் அடைப்பான்களைப் பொருத்தினர். திரவ பிரேக் பரவலான பயன்பாட்டுக்கு வர வழிசெய்தவற்றுள் இந்த மாற்றம் முதன்மையானது.

ரப்பர் வந்ததும் திரவத்தின் தன்மையும் தீர்மானமாகிவிட்டது. இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊறினால் உப்பி நைந்துபோகும். எனவே கச்சா எண்ணெயிலிருந்து வரும் எந்த எண்ணெயும் பிரேக்குக்கு ஆகாது. ரப்பரைக் கெடுக்காத, நன்கு வழுக்கும், எளிதில் கிடைக்கும் எண்ணெய் ஒன்று வேண்டும். அது ஆமணக்கெண்ணெய். ஆமணக்கெண்ணெயோடு ஆல்கஹால் கலந்த திரவம்தான் முதல் தலைமுறை பிரேக்குகளில் ஓடியது. நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று வழங்கும் அதே எண்ணெய், உலகின் நவீன வண்டிகளை நிறுத்தியது.

இந்த இரண்டு பொருள்களும் இந்திய மண்ணுக்கு அந்நியமானவை அல்ல. ஆமணக்கு நெடுங்காலமாக இங்கே விளைவது. ரப்பரோ பிரேசிலிலிருந்து வந்து திருவிதாங்கூரில் வேர்விட்டது. 1902இல் பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் வணிக நோக்கிலான தோட்டம் தொடங்கியது. 1930களில் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரத்தின் சாக்கையில் ஒரு ரப்பர் தொழிற்சாலையை நிறுவியது. 1942இல் மலாயா சப்பானியர் கைக்குப் போனபின், நேச நாடுகளுக்கு இலங்கையும் திருவிதாங்கூரும் தந்த ரப்பரின் மதிப்பு பலமடங்கு உயர்ந்தது. 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையடிவாரம் இன்றும் ரப்பர்க் காடாகவே நிற்கிறது. வலியசாலையிலிருந்து தெற்கே செல்பவர் மார்த்தாண்டம் பகுதியில் காண்பது பிரேக் வரலாற்றின் ஒரு மூலப்பொருளை.

ஆல்கஹால் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதால் அந்தக் கலவை நீடிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிளைக்கால் ஈதர் திரவங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. 1960களில் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பர் வணிகத்துக்கு வந்து, அடைப்பான்களிலும் குழாய்களிலும் இயற்கை ரப்பரின் இடத்தைப் படிப்படியாகப் பெற்றது. ஈபிடிஎம்முக்கும் பெட்ரோலிய எண்ணெய் பகை. ஆக, மூலப்பொருள்கள் இரண்டும் மாறிய பின்னும் அவற்றுக்கிடையே இருந்த பழைய உடன்பாடு மாறவில்லை. எஸ்.ஏ.இ. ஜே1401, ஐ.எஸ்.ஓ. 3996 ஆகிய பிரேக் குழாய்த் தரவிதிகளின் தலைப்பிலேயே, பெட்ரோலியம் சாராத திரவத்தோடு பயன்படும் குழாய் என்ற வரையறை இடம்பெறுகிறது. ஆமணக்கும் ரப்பரும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு தலைப்பின் வடிவில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

பட்டறைகளில் இந்தத் திரவத்தை இன்றும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறார்கள். வேதியியல்படி அது எண்ணெய் அன்று. வரலாற்றின்படி ஒருகாலத்தில் எண்ணெயாகவே இருந்தது. சொல் பழைய காலத்தில் நிற்கிறது, பொருள் நகர்ந்துவிட்டது. இந்த இடைவெளி வெறும் சொல்லாராய்ச்சிக்கு உரியதன்று. ஆயில் என்ற பெயரை நம்பி எஞ்சின் ஆயிலைச் சிறிது ஊற்றினாலும் அடைப்பான்கள் உப்பி, பிரேக் இறுகிப்போகும் அல்லது செயலிழக்கும்.

3. தாமதமாக வந்த குழாய்

இரு சக்கர வண்டிக்கு டிஸ்க் பிரேக் 1962இல் வந்தது. இத்தாலியின் லாம்பிரெட்டா டிவி175 ஸ்கூட்டரின் முன்சக்கரத்தில். ஆனால் அதை இயக்கியது கேபிள்தான். திரவத்தால் இயங்கும் முன் டிஸ்க்கைப் பெருமளவு உற்பத்தியில் பொருத்தி உலகின் எதிர்பார்ப்பை மாற்றியது 1969இல் வந்த ஹோண்டா சிபி750.

இந்தியாவில் இந்த வரலாறு வேறு வேகத்தில் நடந்தது. சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டாலே அது புலப்படும். 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. நகரின் வடகோடியில் திருவொற்றியூரில் புல்லட் உருவானது. 1962இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் தொழில்நுட்பமும் இணைய, நகரின் மேற்கே பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. ஒரே நகரில் ஒருபுறம் கேபிளால் நிற்கும் மோட்டார் சைக்கிள். மறுபுறம் கார்களுக்கும் கனரக வண்டிகளுக்கும் திரவ பிரேக். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இவ்விரண்டும் சந்திக்கவே இல்லை. புல்லட்டின் முன்சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது 2000களில்தான்.

அறிவு இல்லாததால் நேர்ந்த தாமதம் என்று இதைக் கொள்ள முடியாது. 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா ஆர்டி350பி வண்டியை ராஜ்தூத் 350 என்ற பெயரில் இந்தியாவில் தயாரித்தபோது, மூல வண்டியில் இருந்த முன் டிஸ்க்கை நீக்கிவிட்டு டிரம் பொருத்தியது. கையில் இருந்த தொழில்நுட்பம் விலை கருதித் திருப்பி அனுப்பப்பட்டது. அக்காலத்தின் மிக வேகமான இந்திய மோட்டார் சைக்கிள்களுள் ஒன்று, தன் மூல வடிவத்தைவிடப் பலவீனமான முன்பிரேக்கோடு சாலைக்கு வந்தது. 1999இல் ஹீரோ ஹோண்டா சிபிசெட் போன்ற வண்டிகள் வந்த பின்னரே முன் டிஸ்க் நடுத்தர வர்க்க இளைஞரின் கைக்கு எட்டும் பொருளாயிற்று. 2011இல் ஓசூரில் தயாரான டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்டிஆர் 180இல் ஏபிஎஸ் வந்தது. 2016இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் நெடும்பயணத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டு, 300 மி.மீ. முன் டிஸ்க்கோடு வெளிவந்தது.

இந்த வேகத்தின் விளைவு ஒன்று உண்டு. கேபிளோடு வளர்ந்த ஒரு தலைமுறை, குழாயை அதே கண்களால் பார்த்தது. வெளியே விரிசல் இல்லை, கசிவு இல்லை, லீவர் பிடிக்கிறது. ஆகவே எல்லாம் சரி என்ற முடிவுக்கு வந்தது. கேபிளுக்கு அந்த முடிவு பொருந்தும். குழாய்க்குப் பொருந்தாது.

4. குழாய் எப்படி மூப்படைகிறது

வழக்கமான பிரேக் குழாய் மூன்று அடுக்கு கொண்டது. உள்ளே ரப்பர் உறை, நடுவே அழுத்தத்தைத் தாங்கும் இழைப்பின்னல், வெளியே வெயிலையும் ஓசோனையும் எதிர்கொள்ளும் ரப்பர் மேலுறை. மூன்றும் வெவ்வேறு விதமாக மூப்படைகின்றன.

வெளியுறை வெடிப்பதை மட்டுமே கண் காணும். இழைப்பின்னல் தளர்ந்தால், லீவரை அழுத்தும்போது குழாய் நுண்ணளவில் விரிந்து, விரலின் விசையில் ஒரு பகுதியைத் தானே விழுங்கிக்கொள்ளும். இதை மெக்கானிக்குகள் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனால் இந்த மாற்றம் ஆண்டுக்கணக்கில் மெல்ல நேர்வதால், தினமும் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவருக்கே முதலில் தெரிகிறது. மூன்றாவது, உள்ளுறை தளர்ந்து மடிவது. அப்போது குழாயே ஒருவழிக் கதவாகிவிடும்: அழுத்தும்போது திரவம் செல்லும், விட்டபின் திரும்பாது. பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பலர் இதைக் காலிப்பரின் பழுது என்று கருதிக் காலிப்பரை மாற்றிவிட்டு, பழுது தீராமல் திகைக்கிறார்கள்.

இவற்றோடு நீரும் சேர்கிறது. கிளைக்கால் திரவம் ஈரத்தை ஈர்க்கும். குழாயின் சுவர் வழியாகக்கூட ஈரம் மெல்ல ஊடுருவும். இதைக் கணக்கில் கொண்டே திரவத்துக்கு இரண்டு கொதிநிலைகள் வரையறுக்கப்பட்டுள்ளன. டாட் 4 திரவத்துக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ்; 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் குறைந்தது 155 பாகை. டாட் 3க்கு முறையே 205, 140. திருவனந்தபுரம் போன்ற கடலோர ஈரக்காற்று நகரில் இந்த இறக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. பொன்முடியிலிருந்து இறங்குபவர் வளைவுக்கு வளைவு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், காலிப்பரின் வெப்பம் திரவத்துக்கு ஏறும். திரவத்தில் சேர்ந்த நீர் ஆவியாகி ஒரு குமிழ் தோன்றினால் போதும். திரவத்தை நெருக்க முடியாது, ஆவியை நெருக்க முடியும். லீவர் எதிர்ப்பின்றிப் பிடியோடு வந்து சேரும். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் ஆறவிட்டால் ஆவி மீண்டும் நீராகி, பிரேக் பழையபடி பிடிக்கும். தடயமே இல்லாத பழுது இது.

5. மாற்றும் வேலை

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுவிட்டது என்று டேவிட் எட்ஜர்டன் 2006இல் தம் நூலில் வாதிட்டார். பயன்பாட்டையும் பராமரிப்பையும் நடுவில் வைத்து எழுத வேண்டும் என்றார். டேவிட் ஆர்னால்டு 2013இல் மிதிவண்டி, தையல் இயந்திரம் போன்ற சிறிய பொறிகளைக் கொண்டு இந்திய நவீனத்தை எழுதிக் காட்டினார். அந்த நோக்கில் பார்த்தால், முன்பிரேக் குழாயை மாற்றும் வேலையின் ஒவ்வொரு படியும் மேலே சொன்ன வரலாற்றின் ஒரு அடுக்கைத் திறக்கிறது.

முதலில் பெட்ரோல் டேங்கைத் துணியால் மூட வேண்டும். கிளைக்கால் திரவம் பெயின்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே நீரால் கழுவ வேண்டும். பின்னர் பழைய திரவத்தை வடித்து, குழாயின் இரு முனைகளிலும் உள்ள துளையிட்ட பான்ஜோ போல்ட்டுகளைக் கழற்றுவது. அவற்றின் இருபுறமும் செம்பு வாஷர்கள் இருக்கும். இறுக்கும்போது நசுங்கி வடிவம் மாறித்தான் அவை கசிவை அடைக்கின்றன. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. சில ரூபாய் பெறும் இந்த வாஷர்களைப் பழையதையே போடும் சிக்கனம் முழு வேலையையும் வீணாக்கும்.

புதிய குழாயை மாட்டியபின் ஹாண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஃபோர்க்கை மேலும் கீழும் அமுக்கி, குழாய் எங்கும் இழுபடவோ உரசவோ இல்லை என்று பார்க்க வேண்டும். போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். இந்த ஒரு போல்ட்டின் முக்கியத்துவத்துக்குச் சான்று பொதுவெளியிலேயே உண்டு. 2019 மே மாதத்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் சுமார் 7,000 புல்லட் வண்டிகளைத் திரும்ப அழைத்து, பிரேக் குழாயையும் காலிப்பரையும் பிணைக்கும் போல்ட்டை மாற்றியது. தொழிற்சாலையில் புதிதாகப் பூட்டிய போல்ட்டுக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டது என்றால், பட்டறையில் மீண்டும் பூட்டும் போல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் காற்று எடுத்தல். லீவரை அழுத்திப் பிடித்து, காலிப்பரின் நிப்பிளைத் திறந்து, மூடிய பின்னரே லீவரை விடுவது. குமிழ்கள் நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வது. சீல் உடைக்காத புட்டியின் திரவத்தையே ஊற்ற வேண்டும். பட்டறைச் சுவரில் பாதி நிறைந்து தொங்கும் புட்டி, கேரளத்தின் மழைக்காலத்தை ஏற்கெனவே குடித்திருக்கும். வேலை முடிந்ததும் லீவர் கல்போல் நிற்கிறதா, கசிவு உண்டா என்று பார்த்து, மெதுவான வேகத்தில் பலமுறை நிறுத்திச் சோதித்த பின்னரே சாலைக்குச் செல்வது.

நெடும்பயணம் செய்வோரிடையே ரப்பருக்குப் பதிலாக எஃகுப் பின்னல் குழாய் மாட்டும் வழக்கம் பரவியுள்ளது. அதன் உட்குழாய் 1938இல் ராய் பிளங்கெட் எதிர்பாராமல் கண்டறிந்த டெஃப்ளான். அது அழுத்தத்தில் அவ்வளவாக விரிவதில்லை, ஈரத்தையும் எளிதில் விடுவதில்லை. ஆனால் பளபளக்கும் அந்தப் பின்னல், உள்ளே இருப்பதைக் கண்ணிலிருந்து இன்னும் ஒருபடி விலக்கி வைக்கிறது. தரச்சான்று இல்லாத மலிவான குழாயும் வெளித்தோற்றத்தில் அதேபோல் மின்னும்.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் வேலை இன்னும் மாறிவிட்டது. முன்பு ஒரே குழாய் நேராகச் சக்கரத்துக்குச் சென்றது. இப்போது அது கைப்பிடியிலிருந்து மாடுலேட்டருக்கும், அங்கிருந்து காலிப்பருக்கும் எனப் பிரிந்து செல்கிறது. மாடுலேட்டருக்குள் காற்று தங்கிவிட்டால் சில வண்டிகளில் கணினிக் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது. வழியோரத்தில் கேபிள் மாற்றிய ஓட்டுநரிடமிருந்து தெருமுனைப் பட்டறைக்குப் போன வேலை, தெருமுனைப் பட்டறையையும் தாண்டி நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றுவிட்டது.

6. சட்டத்தின் கண்

125 சிசிக்கு மேற்பட்ட இரு சக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி, புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாதிரிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. உயிர்காக்கும் விதி அது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் என்பது ஒன்றிய அரசின் கணக்கு. இவ்விறப்புகளுக்கெல்லாம் பிரேக் காரணம் அன்று. வேகம், தலைக்கவசம் இன்மை, சாலையின் நிலை எனக் காரணங்கள் பல. ஆயினும் விபத்துக்கு முந்தைய கடைசி நொடியில் ஓட்டுநருக்கு எஞ்சியிருக்கும் கருவி முன்பிரேக்தான்.

ஆனால் சட்டம் புதிய வண்டியைப் பார்க்கிறது. மூப்படையும் வண்டியைப் பார்ப்பதில்லை. தனியார் மோட்டார் சைக்கிளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை அதை நிறுத்தி வைத்துத் தகுதி ஆராயும் கட்டாயம் இல்லை. ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றின் கையேடுகளோ பிரேக் திரவத்தை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், குழாயை 4 ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. அந்தக் கணக்குப்படி, முதல் தகுதிச் சோதனைக்கு முன் குழாய் மும்முறை மாறியிருக்க வேண்டும். மாறியதா என்று கேட்பவர் எவரும் இல்லை. வண்டி கைமாறும்போது பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. குழாயின் வயதைக் கேட்பவர் அரிது.

புகைச் சான்று இங்கே நல்ல ஒப்பீடு. வெளிவிடும் புகையைக் குறித்த கால இடைவெளியில் அளந்து சான்று பெற வேண்டும் என்ற கட்டாயத்தை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டனர். அதற்கென ஒவ்வொரு பெட்ரோல் நிலையத்தின் அருகிலும் ஒரு சிறு அறையும் கருவியும் உருவாகின. பிறருக்குத் தீங்காகும் புகையை அளக்க முடிந்த சமூகத்துக்கு, பிறர் மேல் மோதாமல் நிற்கவைக்கும் குழாயின் தேதியைப் பார்ப்பது கடினமான வேலை அன்று. அமெரிக்காவின் 106ஆம் எண் பாதுகாப்புத் தரவிதி, பிரேக் குழாயில் அது உருவான மாதமும் ஆண்டும் குறிக்கப்பட வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் பிரேக் குழாய்க்கு ஐ.எஸ். 7079 என்ற தரவிதி உண்டு. பிறக்கும்போது தரம் சோதிக்கப்படும் பொருளுக்கு, ஓய்வு பெறும் வயது மட்டும் சட்டத்தில் எழுதப்படவில்லை.

பழைய வண்டிகளைப் போற்றும் பண்பாடும் இதில் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகள் மாறாமல் இருப்பதே அசல் என்று மதிக்கப்படுகிறது; சந்தை விலையும் அதையே ஒட்டி ஏறுகிறது. ஓலைச்சுவடிக்கும் செப்பேட்டுக்கும் அந்த அளவுகோல் சரி. ஓடும் பொறிக்கு அது பொருந்தாது. இருபது ஆண்டு மாறாத அசல் குழாய் உள்ள வண்டி காட்சிக்கூடத்தில் நிற்கத் தக்கது. பொன்முடியில் இறங்கத் தக்கதன்று. மாற்றப்பட வேண்டிய உறுப்பை உரிய காலத்தில் மாற்றிக்கொண்டே வருவதுதான் ஒரு பொறியின் வாழ்க்கையைத் தொடரச் செய்கிறது. கோயிலின் கூரை ஓடும் தேரின் வடமும் அவ்வாறே மாற்றப்பட்டு வருகின்றன. அதனால் கோயிலோ தேரோ பழமை இழந்ததாக எவரும் சொல்வதில்லை.

கேபிள் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது இவ்வரலாற்றின் முடிவு அன்று. திரவ பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் காப்பாற்றும் உயிர்கள் மெய்யானவை. ஆனால் கண்ணால் அறியும் பொறியிலிருந்து தேதியால் மட்டும் அறியும் பொறிக்கு ஒரு சமூகம் மாறும்போது, அந்தத் தேதியைப் பார்க்கும் பொறுப்பை எவரிடமேனும் ஒப்படைக்க வேண்டும். கேபிளை அதன் சொந்தக்காரர் பார்த்தார். குழாயை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு உற்பத்தியாளர் கையேட்டைக் காட்டுகிறார், பட்டறை சொந்தக்காரரைக் காட்டுகிறது, சட்டம் 15 ஆண்டு கழித்து வரச் சொல்கிறது. கையேட்டைத் திறந்து, குழாயில் அச்சிட்ட ஆண்டைத் துடைத்துப் படித்து, நான்கைக் கூட்டிப் பார்க்கும் ஓட்டுநர் அதுவரை தம் உயிருக்குத் தாமே ஆய்வாளர்.